பழைய பித்தளை உருளி வாங்கப் போறீங்களா? முதலில் இதைப் பாருங்க!

ரோஜா சாகுபடிக்குப் பெயர்போன ஊர் ஓசூர். காதலர் தினத்தையொட்டி இங்கிருந்து ‘தாஜ்மஹால்’ ரகச் சிவப்பு ரோஜாக்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. அந்தப் பூக்களை வரவேற்பறையில் மிதக்கவிட, பாட்டி காலத்து உருளியைப் பலரும் தேடுகிறார்கள். ஆனால், ‘ஆன்டிக்’ என்று விற்பதெல்லாம் பழசுதானா?

எப்படிச் சோதிப்பது?

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால், தூக்கி எடையையும் பாருங்கள். பித்தளையும் வெண்கலமும் நல்ல கனமாக இருக்கும். கறுத்திருப்பதை வைத்து வயதைச் சொல்ல முடியாது. ரசாயனம் தடவினால் புதுசும் சீக்கிரமே கறுத்துவிடும். புழங்கிய பாத்திரம் என்றால் அடியிலும் விளிம்பிலும் தேய்மானம் தெரியும்.

‘நூறு வருஷப் பழசு’ என்றால்?

1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். ‘நூறு வருஷம்’ என்று கூடுதல் விலை கேட்டால், உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், உலோகத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் உரிய விலைதான் பேச வேண்டும்.

எல்லை தாண்டலாமா?

ஓசூரில் வாங்கி பெங்களூருவுக்குக் கொண்டுபோவது ஏற்றுமதி ஆகாது. ஆனால், தொல்பொருளை வெளிநாட்டுக்குத் தனிநபர் அனுப்பக் கூடாது.

பராமரிப்பு எப்படி?

தண்ணீரைத் தினமும் மாற்றுங்க. வாரம் ஒருமுறை உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்க. இல்லாவிட்டால், டெங்கு கொசு முட்டையிடும் இடமாகிவிடும்.