சூடும் பூவும் நிற்கும் மரமும்: அரியலூர்த் தலங்களை முன்வைத்துக் கொன்றை பற்றி

திருமழபாடிக்குச் சம்பந்தர் பாடிய பதிகங்கள் மூன்று, அப்பர் பாடியவை இரண்டு, சுந்தரர் பாடியது ஒன்று. அந்த ஒன்றால்தான் ஊரைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். ஓதுவார் அல்லாதவர்களும் பாடும் பதிகம் அது. சிவன் சடையில் கொன்றை என்றதும் தமிழர் நினைவில் முதலில் எழுவதும் அதுதான். ஆனால் கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் உள்ள அந்த வயித்தியநாதர் கோயிலின் தலமரம் பனை. தலத்துக்குத் தாலவனம் என்ற பெயரும் உண்டு.

பாட்டில் ஒன்றும் பிரகாரத்தில் வேறொன்றுமாக இருப்பதைத் தலவரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சிவனுக்கு உகந்த பூ, ஆகவே புனித மரம் என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். அந்த ‘ஆகவே’தான் பிழை என்பது என் கருத்து. பூ புனிதம் பெறும் வழி வேறு, மரம் புனிதம் பெறும் வழி வேறு.

முதலில் ஒரு மறுப்பைக் கேட்டுவிடலாம். இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் மழபாடி விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்து, இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026 வாக்கில், மறுபடியும் கல்லில் பொறித்தார்கள். கல்வெட்டைப் படியெடுக்கலாம், மரத்தைப் படியெடுக்க முடியாது. சுந்தரர் வந்தபோது கொன்றையே நின்று, பின்னாளில் பட்டுப்போயிருக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆனால் தேவாரத்தில் கொன்றை எந்த ஊருக்கும் தனியுடைமை அன்று. ஆனைக்காவில் இறைவன் இருப்பது வெண்ணாவலின் கீழ், தில்லையின் மரம் தில்லை. இரண்டு ஊர்களிலும் அவன் சடையில் இருப்பது கொன்றைதான். மழபாடிக்குக் கிட்டத்திலேயே இருக்கும் கீழப்பழுவூரில் கோயிலின் பெயர் ஆலந்துறை. ‘பழு’ என்பதும் ஆலமரத்தையே குறிக்கும் என்பர். ஊர்ப்பெயரும் கோயிற்பெயரும் சேர்ந்து ஆலைச் சொல்லும் அங்கேயும் கொன்றைக்கு இடம் இறைவனின் தலைமேல்தான். ஊர்தோறும் மரம் மாறுகிறது, பூ மாறவில்லை. மாறாத ஒன்றை வைத்து ஊரை அடையாளம் காண இயலாது.

அப்படியானால் கொன்றை எதன் அடையாளம்? புறநானூற்றின் கடவுள் வாழ்த்து இதற்கு விடை தருகிறது. அதில் கொன்றை சிவனுக்குத் தலையில் கண்ணியாகவும் மார்பில் தாராகவும் வருகிறது. கண்ணியும் தாரும் அரசர்க்குரிய சொற்கள். பனம்பூ சேரனுக்கு, வேப்பம்பூ பாண்டியனுக்கு, ஆத்திப்பூ சோழனுக்கு என்று தொல்காப்பியப் புறத்திணையியல் பகுத்த முறையிலேயே கடவுளுக்கும் ஒரு பூ ஒதுக்கப்பட்டிருக்கிறது. சேரன் பனம்பூச் சூடியதால் சேரநாட்டுப் பனைகளெல்லாம் வழிபாட்டு மரங்களாகிவிடவில்லை. போர்க்களத்தில் யார் பக்கத்து வீரன் என்று காட்டுவதுதான் அந்தப் பூவின் வேலை. கொன்றையும் இதே வரிசையில் வந்தது. அது உடையவன் யார் என்று சொல்லும், இடம் எது என்று சொல்லாது.

இந்த வேறுபாட்டைச் சொல்லால் விளக்குவதைவிடக் கல்லில் காட்டிவிடலாம். அதற்கும் அரியலூர் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் அர்த்தமண்டபத்தின் வடக்கு வாயிற்படியை ஒட்டி இருக்கும் சண்டேசுவர அனுக்கிரக மூர்த்தி, சோழர் சிற்பங்களில் தலையாயது. உமை அருகிருக்க, சிவன் தன் காலடியில் குனிந்து அமர்ந்த சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். பெரியபுராணப்படி அது இறைவன் தன் சடையிலிருந்து எடுத்த கொன்றை மாலை. அந்தச் சண்டேசர் மணலால் இலிங்கம் கூப்பிப் பாலாட்டி வழிபட்டதோ மண்ணியாற்று மணல்திட்டில், ஓர் ஆத்தி மரத்தின் கீழ். ஒரே கதையில் இரண்டு தாவரங்கள் வருகின்றன, வேலையும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆத்தி இடத்தைக் குறிக்கிறது, கொன்றை உரிமையைக் கைமாற்றுகிறது. இச்சிற்பத்தில் இராசேந்திரனே முடிசூட்டப்படுவதாகக் கண்டவர்களும் உண்டு. அதை நிறுவுவது கடினம். ஆனால் ஆத்தி சோழர் பூ என்பதை அரசவைப் புலவர் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்.

கொன்றைக்கு ஏன் ஊர் இல்லை என்பதற்குத் திணையிலும் காரணம் தேடலாம். அது முல்லையின் மரம். பச்சைமலைச் சரிவு போன்ற வறண்ட இலையுதிர் காடுகளில் தானாக வளர்வது. அந்த மலையில் தோன்றிப் பெரம்பலூர், அரியலூர் வழியாகக் கொள்ளிடம் சேரும் ஆற்றுக்கு மருதையாறு என்று பெயர். கரை மரத்தின் பெயர் ஆற்றுக்கு நிலைத்தது. காட்டுக் கொன்றைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. காட்டில் பறித்து ஊருக்குக் கொண்டுவந்து சூடும் பூவாகவே அது நின்றுவிட்டது.

திணையைச் சொன்னதும் ஒரு பழைய சிக்கல் குறுக்கே வரும். சங்க அகப்பாடல்கள் கொன்றையைக் கார்காலத்துப் பூவாகக் காட்டுகின்றன, நாம் காணும் சரக்கொன்றையோ சித்திரை வைகாசியில்தான் சரம் சரமாகத் தொங்குகிறது. எனவே சங்கக் கொன்றை வேறு மரம் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் தோழி, பருவமல்லாத மழையைக் கார் என்று நம்பிக் கொன்றை பேதைமையாகப் பூத்துவிட்டது என்கிறாள். தலைவியைத் தேற்றச் சொன்ன பொய் என்று உரையாசிரியர்கள் கொள்வர். மரத்தைப் பொறுத்தவரை அவள் சொன்னதில் பாதி மெய். கோடைமழையை ஒட்டிப் பூப்பது அதன் இயல்பு. சில மரங்கள் ஆவணி, புரட்டாசியிலும் சிறிது பூப்பதுண்டு. புலவர் மரத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

எதிர்ச்சான்று இல்லாமல் இல்லை. அச்சிறுபாக்கத்தில் சரக்கொன்றை தலமரம். ஆனால் அங்கே கொன்றை சிறப்புப் பெற்றது சடைப்பூ என்பதால் அன்று, இறைவன் அதன் அடியில் இருப்பதாகச் சொல்லப்படுவதால். மழபாடியில் பனை செய்யும் வேலையை அங்கே கொன்றை செய்கிறது, அவ்வளவே.

இன்று குழப்பம் இன்னொரு படி கூடியிருக்கிறது. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொகரைச் செங்கொன்றை என்கிறோம். மஞ்சளாகப் பூக்கும் அயல்மரங்கள் பலவற்றுக்கும் கொன்றைப் பெயரைக் கொடுத்துவிட்டோம். பெயரை நம்பி நட்டால் மழபாடிப் பதிகத்தின் பூ கிடைக்காது.

கோயில் மரங்களைக் கணக்கெடுப்பவர்களிடம் கேட்பது சிறியதுதான். தலமரம் என்ற பத்திக்குப் பக்கத்தில் சூடும் பூ என்று இன்னொரு பத்தியைச் சேருங்கள். மழபாடிக்கு முதற்பத்தியில் பனை என்றும் இரண்டாவதில் கொன்றை என்றும் எழுதுங்கள். கொன்றை நட விரும்புவோர் சரக்கொன்றைதானா என்று பார்த்து நந்தவனத்தில் நடட்டும். பனையின் இடத்தைப் பனைக்கே விட்டுவிடலாம்.