தற்றுணிபும் உரிமையும்: பிரித்தானிய விசேட தேவைக் கொடுப்பனவுகள் பற்றிய ஒரு நோக்கு

வறியவர்க்குக் கிடைக்கும் உதவி அவரது உரிமையா, உத்தியோகத்தரின் இரக்கமா என்னும் வினா பிரித்தானிய சமூகநல வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. (எமது நாட்டில் பொதுசன உதவிப் பணத்தை மக்கள் ‘பிச்சைச் சம்பளம்’ என வழங்கியமை, அவ்வினாவுக்கு அவர்கள் அனுபவத்திற் கண்ட விடையாகும்.) 1948இல் அங்கு வறியோர் சட்டம் ஒழிக்கப்பட்ட பின்னரும் வினா ஒழியவில்லை. 1966இல் நிறுவப்பட்ட துணைநல ஆணைக்குழுவின் கீழ் வாராந்த உதவிப்பணம் உரிமையாயிற்று. ஆனால் போர்வை, சப்பாத்து, கட்டில் முதலியவற்றுக்கான விசேட கொடுப்பனவு உத்தியோகத்தரின் தற்றுணிபிலேயே தங்கியிருந்தது. அவர் கைக்கொண்ட விதிக்கோவையோ இரகசிய ஆவணம். தாம் அறியாத விதியின்படி மறுக்கப்பட்டவர் எதனைக் காட்டி வாதாடுவது?

உரிமை இயக்கங்கள் இதனை எதிர்த்தபோது, ஆணைக்குழுவின் பிரதித் தலைவராயிருந்த பேராசிரியர் றிச்சாட் ரிற்மஸ் 1971இல் தற்றுணிபுக்காக வாதாடினார். மனிதத் தேவைகள் யாவற்றையும் விதிகளுள் அடக்க முயலின் சட்டவாதமே ஒரு நோயாகிவிடும் என அவர் அஞ்சினார். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும், மேசையின் எப்பக்கத்தில் இருந்துகொண்டு அவர் அதனைக் கூறினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1980ஆம் ஆண்டுச் சட்டம் ஆணைக்குழுவைக் கலைத்து, விசேட தேவைகளை ஒழுங்குவிதிகளாக வகுத்தது. விதிகள் வெளிப்படையாயின, நியாயசபையில் அவற்றைக் காட்டி மேன்முறையிடவும் முடிந்தது. மக்கள் தமக்குரியதை அறிந்து கேட்கத் தொடங்கவே செலவு பன்மடங்காயிற்று. அரசு இதனைக் கட்டுமீறிய செலவெனக் கண்டதேயன்றி, வாராந்தப் பணத்தில் ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கவியலாது என்பதற்கான சான்றாகக் கொள்ளவில்லை. ‘விசேட’ தேவை எனப்பட்டது, உண்மையில், போதாத அடிப்படை உதவியின் அன்றாட விளைவே. விதியா தற்றுணிபா என்ற வாதத்தில் இரு சாராரும் இதனைப் போதிய அளவு வற்புறுத்தினர் எனல் முடியாது.

தச்சர் அரசில் அமைச்சர் நோர்மன் பௌலர் கொணர்ந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 1988இல் சமூக நிதியம் தோன்றியது. தற்றுணிபு மீண்டது, ஆனால் அது ரிற்மஸ் கருதிய தற்றுணிபன்று. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் நிதி வரையறுக்கப்பட்டது. உத்தியோகத்தர் விண்ணப்பதாரியின் தேவையோடு எஞ்சிய பணத்தையும் நோக்கவேண்டியவரானார். கொடுப்பனவிற் பெரும்பகுதி கடனாயிற்று; அக்கடன் வாராந்த உதவியிலிருந்தே கழிக்கப்பட்டது. திருப்பிச் செலுத்த இயலாத அளவுக்கு வறியவர் என்ற காரணத்தாலேயே கடன் மறுக்கப்பட்டோரும் உளர். நியாயசபை மேன்முறையீட்டின் இடத்தைப் பரிசோதகரின் மீளாய்வு பெற்றது.

2013இல் அந்நிதியத்தின் சமூகப் பராமரிப்பு மானியங்களும் நெருக்கடிக் கடன்களும் நிறுத்தப்பட்டன. ஸ்கொட்லாந்தும் வேல்சும் தத்தமக்கெனத் தேசிய ஏற்பாடுகளை அமைத்தன. இங்கிலாந்தில் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சென்றது; அதற்கெனப் பணத்தை ஒதுக்கிவைக்குமாறு அவற்றைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சில மன்றங்கள் தம் திட்டங்களை மூடிவிட்டன. அங்கு விண்ணப்பிப்பதற்கே படிவம் இல்லாது போயிற்று.