சிலந்திக்கு ஒரு வருசம்

என் ஆயாவின் கணுக்காலுக்கு மேலே காசளவு ஒரு தழும்பு இருந்தது. “நரம்புச் சிலந்தி வந்து போன இடம்டா சாமி” என்பாள். சின்ன வயசில் கொப்புளம் கட்டி உடைந்து, வெள்ளை நூல்போலப் புழு தலைநீட்டியதாம். துரை அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்தாராம். அவசரப்பட்டால் அறுந்துவிடும், கால் சீழ்வைக்கும். முழுசாக வந்தபோது இரண்டு முழம்.

அந்தத் துரை ஜெஸ்ஸி பிராண்ட். பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். லண்டனில் ஓராண்டு வெப்பநாட்டு நோய்களுக்கான பாடம் படித்தவர். 1913இல் மனைவி ஈவ்லினோடு கொல்லிமலை ஏறி, எங்கள் வாழவந்தியில் குடியிருந்தார். மதம் பரப்பத்தான் வந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடமும் வைத்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள்.

இந்தச் சிலந்திப் புழுவைப் பற்றிப் பாடம் சொல்வது லேசான காரியம் அல்ல. புண்ணுள்ள காலோடு ஒருவர் படிக்கிணற்றில் இறங்கினால் புழு தண்ணீரில் குஞ்சுகளைக் கொட்டும். கண்ணுக்குப் பிடிபடாத நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருசம் கழித்துத்தான் கால் வீங்கும். போன வருசம் குடித்த தண்ணீரை இந்த வருச நோவோடு யார் முடிச்சுப் போடுவார்கள்? சாமி குற்றம் என்றுதான் சொல்வார்கள். குடித்ததையும் பார்த்து, வீங்கியதையும் பார்த்தவர் சொன்னால்தான் ஊர் நம்பும். ஜெஸ்ஸி ஊரிலேயே இருந்தார். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பு, உள்ளே கால் வைக்காதே, துணியில் வடிகட்டிக் குடி என்று வீடுவீடாகச் சொன்னார். ஆயா எண்பது வயசிலும் குடத்து வாயில் துணி கட்டாமல் தண்ணீர் பிடித்ததில்லை.

1929இல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். ஈவ்லின் விடவில்லை. மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மட்டக்குதிரை ஏறி மலை மலையாகப் போனார். 1974இல், 95 வயதில் காலமானார். சிலந்தி நோயும் காலப்போக்கில் அடங்கியது. நாட்டின் கடைசிச் சிலந்தி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு அந்த நோய் ஒழிந்ததற்கான சான்று கொடுத்தது.

மலைப் பள்ளிகளில் நான் முப்பத்தோரு வருசம் வாத்தியாராக இருந்தேன். வெளியிலிருந்து சுகாதாரம் சொல்ல வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு குழு பேனரும் சோப்பும் கொண்டுவந்து கைகழுவும் முறையைப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தது. நல்ல பாட்டு, பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அன்று குழாயில் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் வெறுங்கையைத் தேய்த்துக் காட்டினார்கள், குழுவினர் போட்டோ எடுத்தார்கள், மத்தியானத்துக்குள் வண்டி கீழே இறங்கிவிட்டது. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அந்தக் குழு மறுபடி வரவே இல்லை.

பாடம் கொண்டு மலையேறுகிறவர்களே, உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்ததும் முதலில் பள்ளித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பாருங்கள். அடுத்த வருசமும் வந்து பாருங்கள்.