ஈழத்துத் திரை நகைச்சுவையும் ஊவாத் தோட்ட மக்களும்

இலங்கையில் தயாரான தமிழ்த் திரைப்படங்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஒரே அளவுகோலைக் கையாண்டு வந்துள்ளனர். அப்படங்கள் தென்னிந்தியச் சினிமாவின் நிழலா, அன்றி இம்மண்ணின் வாழ்வைக் காட்டும் கலையா என்பதே அவ்வளவுகோல். இதனைக் கொண்டு அளக்குமிடத்து நகைச்சுவை நடிகனுக்குக் கிடைப்பது ஓரிரு வரிகளே. அவன் சிரிப்பூட்டினான் என்றோ மிகையாக நடித்தான் என்றோ கூறிவிட்டு விமர்சனம் அடுத்த பொருளுக்குச் சென்றுவிடும். யாருடைய பேச்சைக் கேட்டு யார் சிரித்தனர் என்ற வினா அருகியே எழுந்தது. 1976 இல் வெளிவந்த ‘கோமாளிகள்’ என்னும் படத்தையும், அதனை எழுதி நடித்த எஸ். ராம்தாஸ் என்னும் கலைஞரையும் கொழும்பிலிருந்து நோக்காது ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோக்கினால், அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

‘கோமாளிகள்’ வானொலியிற் பிறந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் இடம்பெற்ற ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் நாடகத் தொடரை எழுதியவர் ராம்தாஸ். அதில் அவர் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தை ஏற்றார். அப்பெயர் பின்னர் அவருடைய சொந்தப் பெயருக்கு முன்னே நிலைத்துவிட்டது. டி. ராஜகோபால் யாழ்ப்பாணப் பேச்சுடைய அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்களச் சாயல் தோய்ந்த தமிழ் பேசும் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் பிராமணப் பேச்சுடைய ஐயராகவும் தோன்றினர். எஸ். ராமநாதன் இயக்கத்தில் இந்நால்வரும் திரைக்கு வந்தபோது, மக்கள் காதால் அறிந்திருந்தவர்களைக் கண்ணாற் காணச் சென்றனர். 1978 இல் ‘ஏமாளிகள்’ தொடர்ந்தது.

காதுக்கென ஆக்கப்பட்ட நாடகத்தைக் கமெரா முன் நிறுத்திவிட்டார்கள் என்று இப்படத்தின்மீது குறை கூறுதல் எளிது. அக்குறையில் நியாயமும் உண்டு. பேச்சு நகைச்சுவைக்குக் காட்சிமொழி இன்றியமையாததன்று. வானொலிப்பெட்டியே அதற்குப் போதும். எனினும் பேச்சுவழக்கை நாடகமாக்கும் இம்மரபு இழிவானதன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை மேடைக்குரிய மொழியாக்கியபோது, இலங்கைப் பல்கலைக்கழகமே அதற்குக் களமாயிற்று. இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ அம்மரபை வானொலிக்குக் கொண்டுசென்றது. ராம்தாஸ் செய்தது அதிலிருந்து ஒரு முக்கியமான விலகல். முன்னையோர் ஒரு பிரதேசத்தின் பேச்சை அப்பிரதேசத்தார் வாயிலிருந்தே வரச்செய்தனர். ‘கோமாளிக’ளிலோ தமிழரான ராம்தாஸ் முஸ்லிமாகப் பேசினார், முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயராகப் பேசினார், தமிழரான செல்வசேகரன் சிங்களவராகப் பேசினார். அயலவனுடைய பேச்சைப் பல்லாண்டு கூர்ந்து கேட்டவனுக்கன்றி இது கைகூடாது. கேலிச்சித்திரம் என்று இதனை ஒதுக்குவோர், அதன் பின்னிருந்த செவிப்பயிற்சியைக் கருத்திற் கொள்வதில்லை.

இதற்கு நேர்மாறான வரவேற்பைப் பெற்றது 1977 இல் வெளிவந்த ‘பொன்மணி’. தர்மசேன பத்திராஜா இயக்க, காவலூர் ராஜதுரை எழுதிய அப்படம் விமர்சகரால் உயர்வாக மதிக்கப்பட்டது, படமாளிகைகளில் தோல்வியுற்றது. விமர்சகரின் தீர்ப்பும் இரசிகரின் தீர்ப்பும் இவ்வளவு விலகிநிற்பின், இரசிகர் யார் என்பதையாவது விசாரித்திருக்க வேண்டும்.

அவ்விரசிகருள் ஒரு பெரும் பகுதியினர் மலையகத்தார். பதுளைக்குப் புகையிரதப் பாதை 1924 இல் வந்து சேர்ந்தது. அப்பாதையின் இருமருங்கும், அப்பாற் பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கங்களிலும் பரந்துகிடந்த தோட்டங்களில் மின்சாரம் எட்டாத லயன் காம்பிராக்களே மிகுதி. பற்றரியால் இயங்கிய வானொலிப்பெட்டி ஒன்று பல குடும்பங்களுக்குப் பொதுவாயிருந்தது. நகரத்துப் படமாளிகையோ சம்பளம் கிடைத்த கிழமைக்குரிய ஆடம்பரம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் எழுதிய நூலிற் சுட்டினார். பதுளையிலும் பண்டாரவளையிலும் இக்கருத்துக்குச் சிறு திருத்தம் வேண்டும். கூரை ஒன்றாயினும் காலரி தொழிலாளிக்கு, பல்கனி கணக்கப்பிள்ளைக்கு என்ற ஒழுங்கு பெரும்பாலும் மாறவில்லை. ஆயினும் சிரிப்பு இரண்டிடத்திலிருந்தும் எழுந்தது.

இனி அந்நால்வரை மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முஸ்லிம் ஒருவர், யாழ்ப்பாணத்தார் ஒருவர், சிங்களவர் ஒருவர், ஐயர் ஒருவர். தோட்டத் தொழிலாளி இல்லை. கொழும்பின் தெருவொன்றிற் சந்திக்கக்கூடிய பேச்சுவகைகளையெல்லாம் திரட்டிய நாடகத்தில், இலங்கைத் தமிழ் பேசுவோருள் மிகப் பெரும் தொகையினரான ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சு முதன்மைப் பாத்திரம் எதற்கும் வாய்க்கவில்லை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலாய மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வழக்குகள் ஒன்றுகலந்து, பெரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து, பிள்ளைக்காம்பிரா போன்ற தோட்டச் சொற்களைத் தன்னுட் கொண்டு உருவான பேச்சு அது. ஆங்கிலத் துரையின் ‘பரேட்’ பெரட்டானதொன்றே ஒரு நகைச்சுவை எழுத்தாளனுக்குப் போதிய மூலப்பொருளாகும்.

திரையில் மலையகத்தார் தோன்றவே இல்லை என்று கொள்ளலாகாது. 1963 இல் வெளிவந்த ‘தோட்டக்காரி’ மலையக வாழ்வைப் பின்னணியாகக் கொண்டது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் நடித்துத் தயாரித்த ‘புதிய காற்று’ 1975 இல் தோட்டத் தொழிலாளரின் உரிமைப் போராட்டத்தையே கதையாக்கிற்று. அதனை இயக்கியவரும் எஸ். ராமநாதனே. அங்கு தொழிலாளிக்குக் கண்ணீர் இருந்தது. கோபமும் வீரமும் இருந்தன. ஈராண்டுக்குள் ஒரே இயக்குநர் எடுத்த இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேலைப் பிரிவினை புலனாகிறது: துன்பம் மலையகத்துக்கு, சிரிப்பு நகரத்துக்கு.

இப்பிரிவினைக்குக் காலத்தின் நிர்ப்பந்தமும் ஒரு காரணம். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ‘கோமாளிகள்’ திரையிடப்பட்ட காலத்தில், பதுளைப் பாதையின் நிலையங்களிலிருந்து தகரப் பெட்டிகளுடன் தலைமன்னாரை நோக்கிக் குடும்பங்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. இந்நிலையில் தோட்டத்துப் பேச்சைக் கேலிக்குரியதாக்க ஒரு கலைஞன் கூசியிருப்பின் அது பண்பாடே. ‘தோட்டக்காட்டான்’ என்பது வசைச்சொல்லாக வழங்கிய சமூகத்தில், அப்பேச்சைக் கேட்டு எழும் சிரிப்பு எப்படிப்பட்டதாயிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால் இந்தச் சமாதானம் முழுமையானதன்று. மலையக மக்கள் சிரிக்கத் தெரியாதவர்களல்லர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களை நோக்குவோர், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் அங்கு படும் பாட்டைக் காண்பர். பெரட்டுக் களத்தில் வாய்திறக்க முடியாதவர்கள், கொழுந்து மலையிற் பாட்டாகத் தம் பழியைத் தீர்த்துக்கொண்டனர். மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தில், இரதியின் ஒப்பாரிக்கிடையே குறவனும் குறத்தியும் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பர். தம்மை ஆள்வோரைப் பார்த்துச் சிரிக்கும் இம்மரபைத் திரைக்குக் கொண்டுவர எழுத்தாளர் முயலவில்லை. விமர்சகரும் அதனைக் கோரவில்லை. முற்போக்குத் திறனாய்வு தொழிலாளியின் துயரத்தைச் சித்திரிக்குமாறு வற்புறுத்திற்று. அவனுடைய எள்ளலும் ஒரு வர்க்கத்தின் குரலே என்பதை அது போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. நடிகன் செய்த தவறினும் விமர்சகன் செய்த தவறே இவ்விடத்திற் பெரிது.

தமிழகத்திலும் நிலை பெரிதும் வேறன்று. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை அறிஞர் உலகு ஏற்றது, அவருடைய சிரிப்பிற் சீர்திருத்தம் இருந்தமையாலேயே. அண்ணாதுரை வசனம் எழுதிய 1949 ஆம் ஆண்டு ‘நல்லதம்பி’ அதற்குத் தக்க சான்று. இளமையைக் கொழும்பிற் கழித்த ஜே. பி. சந்திரபாபு உடலாலும் குரலாலும் ஆக்கிய நகைச்சுவைக்கு அத்தகைய மதிப்பு அவர் வாழ்ந்த காலத்தில் வாய்க்கவில்லை. 1974 இல் அவர் மறைந்தார். கருத்துச் சொல்லாத சிரிப்பு கலையன்று என்ற எண்ணம் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வேரூன்றியிருந்தது.

1983 ஜூலை 27 ஆம் நாள் பதுளை நகரிற் கலவரம் வெடித்தது. தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பண்டாரவளைக்கும் லுணுகலைக்கும் தீ பரவிற்று. அதே வாரத்தில், கொழும்புக்கு அண்மையில் ஹெந்தலையில் இருந்த விஜயா கலையகம் கொளுத்தப்பட்டது. அங்கு பல திரைப்படங்களின் மூலப் பிரதிகள் சாம்பலாயின. ஈழத்துத் தமிழ்ச் சினிமாவும் அத்துடன் ஏறத்தாழ ஓய்ந்தது. ராம்தாஸ் பிற்காலத்தில் தமிழகத்தில் வாழ்ந்து, 2016 இற் சென்னையிற் காலமானார். மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஐயரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து ஒருவரையொருவர் கிண்டல் செய்ததை, ஊவாவின் லயன்களில் முதியோர் சிலர் வானொலி நினைவாக இன்றும் சொல்வதுண்டு. அம்மேசையருகே ஐந்தாவது நாற்காலி ஒன்று இருந்திருப்பின் அதிலிருந்தவன் எவ்வாறு பேசியிருப்பான் என்பதை அவர்களைக் கேட்டு எழுத இன்னும் சிறிது காலமே உண்டு.