போர் நடவாத பாசறை

வென்ற களத்தில் தூண் நாட்டுவது உலக வழக்கம். போரே நடவாத பாசறையொன்றை ஒரு நாடு போற்றிக் காத்து வருவது அரிது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள வேலி ஃபோர்ஜ் அத்தகையது.

பிலடெல்பியா ஆங்கிலேயர் வசமாகிவிட, ஜார்ஜ் வாஷிங்டனின் படையினர் சுமார் 12,000 பேர் 1777 டிசம்பர் 19 அன்று அங்கே தங்கினர். குளிர்காலத்தில் போரை நிறுத்தி வைப்பது அக்காலப் படைகளின் மரபு. மரங்களை வெட்டி, 14 அடிக்கு 16 அடியில் குடில்களைத் தாமே எழுப்பி, குடிலுக்குப் பன்னிருவராக ஒடுங்கினர். தேவாரத்தில் ஏலமலைச் சரிவினின்று இறங்கும் மார்கழிக் குளிருக்கே போர்வை தேடும் நாம், காலணியின்றிப் பனியில் நின்றோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டினிக்குக் காரணம் பனி மட்டுமன்று. தானியத்தையும் துணியையும் கொண்டு சேர்க்கும் நிர்வாகம் சீர்குலைந்திருந்தது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பரவி, ஆறு மாதங்களில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். ஆயினும் 1778 பிப்ரவரியில் வந்த பிரஷ்ய நாட்டு ஸ்டூபன், ஆங்கிலம் அறியாதவராயினும், மொழிபெயர்ப்பாளர் துணையுடன் எஞ்சியோரைப் பயிற்றுவித்தார். ஜூன் 19 அன்று வெளியேறியது கட்டுக்கோப்பான படை. அவ்விடம் 1893இல் அம்மாநிலத்தின் முதல் பூங்காவாயிற்று. 1976 ஜூலை 4 அன்று தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

அப்போருக்கும் நம் பகுதிக்கும் ஓர் உறவுண்டு. 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞரைக் கொண்டு அங்கே பீரங்கிப் படையை ஒழுங்குபடுத்தினார். அயலார் கலையைக் கற்றுத் தம் படையைத் திருத்துவதில் அவர் வாஷிங்டனுக்கு முன்னோடி. ஆங்கிலேயரை எதிர்த்த அவரது பெயரைப் பென்சில்வேனியர் தம் போர்க்கப்பலொன்றுக்கே சூட்டினர். 'ஹைதர் அலி' எனும் அக்கப்பல் 1782 ஏப்ரல் 8 அன்று 'ஜெனரல் மங்க்' எனும் ஆங்கிலக் கப்பலைச் சிறைபிடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று சித்தூரருகே தமது பாசறையிலேயே ஹைதர் மறைந்தார்.

அவருக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கும்பஸ் உண்டு. திண்டுக்கல் கோட்டையையும் தொல்லியல் துறை காத்து வருகிறது. ஆனால் அவருடன் பசித்தும் நனைந்தும் கிடந்த சிப்பாய்களை யார் நினைக்கிறார்கள்? வேலி ஃபோர்ஜ் நமக்குணர்த்துவது இதுவே: வெற்றியைப் போலவே சபூரும் வரலாறுதான். கோட்டையைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், பீரங்கி மேடையைக் காட்டுவதோடு நில்லாது, அங்கே காவல் நின்ற பெயரறியா மனிதர்களைப் பற்றியும் சொல்வார்களாக.