இசையால் ஆற்றிய தொண்டு

இசையை இறைவன் வடிவாகப் போற்றும் மரபில் வந்தவர் நாம். அவ்விசையைப் பிறர் துயர் துடைக்கும் தொண்டாக்கிய ஒருவரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

போல் நோர்டொவ் என்பார் 1909ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் பிறந்தவர். பியானோ வல்லுநர், இசையாக்குநர், பார்ட் கல்லூரிப் பேராசிரியர். 1959இல் அப்பதவியைத் துறந்தார். இங்கிலாந்தின் சன்பீல்ட் இல்லத்தில் உடல் உள வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்த கிளைவ் றொபின்ஸ் என்பாருடன் இணைந்து, அப்பிள்ளைகளை இசைவழி அணுகினார்.

அவர்தம் முறை யாது? ஆயத்தஞ் செய்த பாடலை அவர் பிள்ளைமீது சுமத்தவில்லை. பிள்ளை அழுதால் அவ்வழுகையின் சுருதியைப் பற்றியும், மேளத்தை அடித்தால் அவ்வடியின் தாளத்தைப் பற்றியும் அக்கணமே பியானோவில் விடை வாசித்தார். தன் ஒலிக்கு மறுமொழி கிடைப்பதை உணர்ந்த பிள்ளை, மெல்ல மெல்லத் தானும் பதிலிறுக்கத் தொடங்கும். பிறர் கூச்சலெனக் கொண்டது அவர் செவிக்கு அழைப்பாயிற்று.

பிள்ளைகளுக்கெனப் பாடல்களும் இசை நாடகங்களும் ஆக்கினார். 1974இல் இலண்டனிற் பயிற்சிநெறி தொடங்கி, இம்முறையைப் பிறருக்கும் கற்பித்தார். 1977இல் மறைந்தார், இருவர் பெயரையுந் தாங்கிய நிலையங்கள் அப்பணியை இன்றும் தொடர்கின்றன.

இளைஞர்காள்! பாடக் கற்பது நன்று. பிறர் துயருக்குச் செவிசாய்க்கக் கற்பது அதனினும் நன்று.