பட்டப்பகலில் ஒரு வெள்ளைப் புள்ளி

2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி வாரத்தில், அலுவலக நிமித்தமாக லிட்டில் அந்தமான் தீவிலுள்ள ஹட் பேயில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. நம் நாகப்பட்டினத்திலிருந்து நேர் கிழக்கே, ஏறத்தாழ அதே அட்சரேகையில், 1,400 கிலோமீட்டர் கடல் தாண்டினால் வருவது இவ்வூர். கடல் மட்டுமன்றித் துயரமும் இவ்விரண்டு ஊர்களை இணைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலை இரண்டையும் ஒரே நாளில் தாக்கிற்று.

ஒரு நாள் பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். ஜெட்டியின் அருகே நிழலில் நின்றிருந்தேன். சிறுவன் ஒருவன் தலையை நன்றாக அண்ணாந்து, "அதோ பாருங்கள்" என்று கூவினான். முதலில் எனக்கு ஒன்றும் தென்படவில்லை. அவன் கை காட்டிய திசையைப் பலமுறை துழாவிய பிறகு, உச்சிக்குச் சற்றுத் தெற்கே, நீலத்தில் ஊசியால் குத்தியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி அகப்பட்டது. மேகமோ பறவையோ அன்று, அசைவும் இல்லை. சிறிது நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஆளில்லா விமானம் என்றார். மற்றொருவர், "போர்ட் பிளேரில் வந்த பலூன் இங்கேயும் வந்துவிட்டது" என்றார். அக்கூட்டத்திலிருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் என்னை நோக்கி, "ஐயா, நீங்கள் சர்க்கார் ஆள்தானே? இது என்னவென்று கேட்டுச் சொல்லக்கூடாதா?" என்று வினவினார்.

நான் சர்க்கார் ஆள்தான். ஆனால் என் உத்தியோகம் மொழிபெயர்ப்பு. ஆகாயத்திலிருந்து வருவனவற்றை மொழிபெயர்க்கும்படி இதுவரை எவரும் என்னைப் பணித்ததில்லை.

பெரியவர் நினைவூட்டிய அந்தப் பலூன் கதை வெறும் கதையன்று. 2022 ஜனவரி 6-ஆம் தேதி, போர்ட் பிளேர் நகரின் மேல் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரம் அதுவே) வெண்மையான கோள வடிவப் பொருள் ஒன்று தென்பட்டது. மக்கள் பலர் அதைப் படம் பிடித்தனர். 'அந்தமான் ஷீக்கா' என்னும் உள்ளூர்ச் செய்தித்தாள், இது யாருடையது, எதற்காக இங்கு வந்தது என்று வெளிப்படையாகவே கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கப்பல் வழியைப் பார்த்தவாறு அமைந்தவை இத்தீவுகள். முப்படைகளும் ஒரே தலைமையின் கீழ் இயங்கும் படைப்பிரிவு 2001-ஆம் ஆண்டு முதல் இங்கு நிலைகொண்டிருக்கிறது. அத்தகைய இடத்தின் வானில், பட்டப்பகலில், பெயரற்ற விருந்தாளி ஒருவன் வந்து போனான். என்ன செய்வதென்று முடிவாவதற்குள் அது கடலின் மேல் விலகிச் சென்றுவிட்டதாகப் பின்னர்ச் செய்தி நிறுவனங்கள் எழுதின.

ஓராண்டு வரையில் இதைப் பற்றி வெளியுலகில் பேச்சில்லை. 2023 பிப்ரவரி 4-ஆம் தேதி, அமெரிக்காவின் தென் கரோலினாக் கடற்கரைக்கு அப்பால், ஏறத்தாழ 200 அடி உயரமுள்ள சீனப் பலூன் ஒன்றை அந்நாட்டு விமானப்படை சுட்டு வீழ்த்தியது. அதுவும் மான்டானா மாநிலத்து மக்கள் பகலில் அண்ணாந்து பார்த்துப் படமெடுத்த வெண்கோளமே. உடனே பல நாடுகள் தத்தம் பழைய படங்களைத் தேடியெடுத்தன. ஜப்பானின் பாதுகாப்பு அமைச்சகம், 2019, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தன் வானில் தென்பட்ட மூன்று பொருள்களும் சீனப் பலூன்களாகவே இருக்கக்கூடும் என்று பலமாக ஐயுறுவதாய் அறிவித்தது. அவற்றுள் 2020 ஜூன் மாதம் செண்டாய் நகரின் மேல் நின்ற வெண்கோளத்தை ஜப்பானியர் வெகு நாள் வேடிக்கையாகவே பேசிக்கொண்டிருந்தனர். அந்தமானின் படமும் அவ்வரிசையில் மீண்டும் வெளிவந்தது. 2024-ஆம் ஆண்டில் நம் விமானப்படை, 55,000 அடிக்கு மேல் ஒரு பலூனைத் தானே பறக்கவிட்டு, ரஃபேல் விமானத்தால் அதைச் சுட்டுப் பழகியதாகச் செய்தி வந்தது. போர்ட் பிளேர் மக்கள் அண்ணாந்து பார்த்த பார்வை வீண்போகவில்லை என்றே கருதுகிறேன்.

இங்கே என் தொழில் சம்பந்தமான ஒரு குறையைச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இத்தகைய பொருள்களுக்கு வழங்கும் பெயரின் நேர்ப்பொருள் 'அடையாளம் அறியப்படாத பறக்கும் பொருள்' என்பதே. அது பொருளின் இலக்கணமன்று. பார்த்தவனுடைய அறிவின் நிலை. நாமோ தமிழில் 'மர்மப் பொருள்' என்றும் 'பறக்கும் தட்டு' என்றும் எழுதி, அறியாமையை அப்பொருளின்மேல் ஏற்றிவிடுகிறோம். 'பறக்கும் தட்டு' என்பதே பத்திரிகைகள் செய்த பிழையின் குழந்தை. 1947 ஜூன் 24-ஆம் தேதி, அமெரிக்காவின் ரெய்னியர் மலையருகே தம் சிறு விமானத்தில் பறந்த கென்னத் ஆர்னல்டு என்பவர், விரைந்து செல்லும் ஒன்பது பொருள்களைக் கண்டார். நீரின்மேல் சாய்த்து எறிந்த தட்டுப்போல் அவை தத்திச் சென்றன என்று அசைவைத்தான் உவமித்ததாகப் பின்னாளில் விளக்கினார். செய்தியாளர்கள் உவமையை உருவமாக்கிவிட்டார்கள். அதன்பின் உலகெங்கும் மக்கள் தட்டுகளையே கண்டார்கள்!

அடுத்த ஆண்டே இது உயிரைப் பலிகொண்டது. 1948 ஜனவரி 7-ஆம் தேதி பிற்பகல், கென்டக்கி மாநிலத்தின் மேல் பெரிய வெண்பொருள் ஒன்று தென்பட்டது. அதைப் பார்த்துவரப் புறப்பட்ட தாமஸ் மான்டெல் என்னும் இளம் விமானி, பிராணவாயுக் கருவி இல்லாமலே மேலும் மேலும் உயர்ந்து, நினைவிழந்து, விமானத்தோடு விழுந்து மாண்டார். அவர் துரத்தியது சுக்கிரன் என்று முதலில் முடிவு கூறினார்கள். அம்முடிவு நிலைக்கவில்லை. அமெரிக்கக் கடற்படை 'ஸ்கைஹுக்' என்னும் பிரும்மாண்டமான பலூன்களை அக்காலத்தில் இரகசியமாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. விசாரித்தவர்களுக்கே அது தெரியாது! ஓர் அரசாங்கத்தின் ஒரு கை அனுப்பியதை மற்றொரு கை துரத்திற்று என்றே இன்று ஆராய்ச்சியாளர் பலரும் கொள்கின்றனர்.

நம் நாட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர் எதிரானது. 2012-13-இல் லடாக்கின் எல்லைப்புற ஏரியொன்றின் மேல் ஒளிப்பொருள்கள் தோன்றுவதாக நம் வீரர்கள் குறித்துவந்தனர். கணக்கு 329 வரை சென்றது. அவற்றுள் 155 முறை அவை எல்லைக் கோட்டைத் தாண்டியதாகப் பதிவு. உளவு விமானங்களோ என்ற கவலை எழுந்தது. இறுதியில் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அழைக்கப்பட்டனர். அவர்கள் கோணங்களையும் நேரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்று சுக்கிரன், மற்றொன்று வியாழன் என்று கண்டு சொன்னார்கள். வீரர்களை நகைப்பவர்கள் நகைக்கட்டும், நான் நகைக்கமாட்டேன். நாள்தோறும் நேரத்தைக் குறித்து வைத்தவர்கள் அவர்கள். அக்குறிப்பு இல்லையேல் விஞ்ஞானிகளுக்கும் வழியில்லை.

எல்லாம் இவ்வாறு தீர்ந்துவிடுவதில்லை. 2004 செப்டம்பர் 27-ஆம் தேதி, இமாசலப் பிரதேசத்தின் சமுத்ரதாபு பள்ளத்தாக்கில், ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் அனில் குல்கர்னி தலைமையில் சென்ற ஆராய்ச்சிக் குழுவினர், நாலடி உயர வெண்ணிற உருவம் ஒன்று நெடுநேரம் அசைந்து சென்று மேலெழுந்து மறைந்ததைக் கண்டு படமெடுத்தனர். அவர் செய்த காரியம் போற்றத்தக்கது: கண்டவர்களைக் கூட்டமாக வைத்துக் கேளாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தார். பத்துப் பேர் கூடிப் பேசினால் பத்துக் காட்சிகளும் ஒன்றாகிவிடும் என்பதை ஜெட்டியில் நானே கண்டேன்.

தீர்வு சில வேளைகளில் வெகு எளிதாகவும் கிடைத்துவிடும். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்ட வயலில் பெரிய கூண்டு ஒன்று இறங்க, ஊரே திரண்டது. அது ஐதராபாத் பலூன் நிலையத்திலிருந்து, ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றின் சோதனைக்காக அனுப்பப்பட்டது என்று அன்றே விளங்கிவிட்டது. டாடா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அந்நிலையத்தார், தங்கள் பலூன்களைப் பற்றிப் பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடும் வழக்கமுள்ளவர்கள்.

சரி, ஹட் பேக்கு வருவோம். ஒரு பொருள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஒரே இடத்திலிருந்து எடுத்த படத்தால் சொல்ல இயலாது. 200 அடிப் பலூன் 20 கிலோமீட்டர் உயரத்தில் நின்றால், கண்ணுக்கு முழுநிலவின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். பத்தடிப் பலூன் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் நின்றாலும் அதே அளவாகத்தான் தெரியும். முன்னது அயல்நாட்டின் காரியமாக இருக்கலாம். பின்னது திருவிழாக் கடைக்காரருடையதாக இருக்கலாம்! ஆனால் இரண்டு ஊர்களிலிருந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். போர்ட் பிளேருக்கும் ஹட் பேக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அங்கே தலைக்கு மேல் 20 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது, இங்கே வடக்கு அடிவானத்துக்கு மேல் ஒன்பது பாகைக் கோணத்தில் சிறு புள்ளியாகத் தெரிய வேண்டும். ஒரு கிலோமீட்டரில் நிற்பதோ அடிவானத்தோடு மறைந்துவிடும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. வேறு கருவியே வேண்டாம். 2022 ஜனவரி 6-ஆம் தேதி ஹட் பேயில் ஒருவர் வடக்கே நோக்கி முட்டியை நீட்டி, மணியையும் குறித்திருந்தால், அது எத்தனை பெரிய சான்றாகியிருக்கும்!

இவ்வளவும் அறிந்திருந்தும், அன்று ஜெட்டியில் முதல் ஒரு மணி நேரம் நானும் பலூன் என்றே நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் விளக்குக் கம்பத்தின் உச்சியோடு அப்புள்ளியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மெல்ல மேற்கே நகர்ந்தது. காற்றின் போக்கில் அன்று, சூரியனோடு சேர்ந்து, இடைவெளி குறையாமல். பெரியவரும் உடனிருந்தார். தீவில் அந்தி சீக்கிரம் வந்துவிடும்; நம் கடிகாரம் அங்குள்ள சூரியனுக்கு நாற்பது நிமிடம் பிந்தியது. ஐந்தேகால் மணிக்குப் பிறகு கதிரவன் மறைய மறைய, அப்புள்ளி வளர்ந்து, மேற்கு வானில் பெருவிளக்காக ஒளிர்ந்தது. சுக்கிரன்! அம்மாதத்தில் சூரியனை விட்டு வெகுதூரம் விலகி, மிக்க ஒளியோடு இருந்ததால் பகலிலேயே கண்ணுக்கு எட்டிற்று.

பெரியவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் 2022-இல் வந்ததும் வெள்ளிதானோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். 2022 ஜனவரி 9-ஆம் தேதி சுக்கிரன் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வந்து நின்றது. ஆறாம் தேதி அது சூரியனின் அருகிலேயே, கண் கூசும் ஒளிக்குள் மறைந்திருந்தது. ஆகவே போர்ட் பிளேர் மக்கள் பார்த்தது வெள்ளியாயிருக்க வழியே இல்லை.

சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "சுனாமியன்று நிலம் ஆடியதும் கடலைப் பார்த்தோம். ஓங்கே மக்களுக்கு அது என்னவென்று தெரிந்தது, மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை, ஐயா. அதனால்தான் கேட்டேன்." லிட்டில் அந்தமானின் பூர்வ குடிகளான ஓங்கேக்கள், முன்னோர் சொல்லி வைத்த அறிகுறிகளைக் கொண்டு உயரமான நிலத்துக்குச் சென்று உயிர் தப்பியது பலரும் எழுதிய செய்தி. குடியேறி வந்தவர்களுக்கு அத்தகைய பாட்டன் சொல் அங்கே இல்லை. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மறுநாள் அதே வேளையில் பெரியவர் அந்தச் சிறுவனுடன் ஜெட்டிக்கு வந்தார். சிறுவன் கையில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். கையை நீட்டி, அடிவானத்திலிருந்து முட்டிமேல் முட்டியாக எண்ணிக்கொண்டு போனான். எழுதிய வரியை எனக்குக் காட்டினான்: "பிற்பகல் 2-35. தெற்கு. எட்டு முட்டி. வெள்ளி."